சின்னத்தம்பி என்றொரு ஆனை

டி.வி. கார்ட்டூனில் வருகிற நல்ல மனசுக்கார டிராகனை நாம் எல்லோரும் ரசித்திருக்கிறோம். உருவம் பெரிசு, குணம் சாது, தன் கூட்டத்தின் மேல் கொள்ளைப் பாசம். அது கற்பனை. தடாகம் பக்கத்துக்காரனான எனக்கு அப்படி ஒன்றை நிஜத்திலேயே தெரியும். அதுதான் சின்னத்தம்பி.

பெயர் வைத்தது எங்கள் பக்கத்துச் சனங்கள்தான். தோட்டத்தில் புகுந்து தின்னுமே தவிர, ஆளைத் தேடி வந்து அடிக்கிற ஆனை இல்லை என்பது ஊர்ப்பேச்சு. எங்கப்பா சூளையில் செங்கல் அறுத்தவர். எரிப்பதற்குக் கொண்டுவந்து போடும் பனைமரத் துண்டுகளைத் தின்ன ராத்திரியில் ஆனைகள் வரும். "நாம எரிக்கறத அது திங்குது, அவ்வளவுதான்டா" என்பார். ஆனால் ஒரே ராத்திரியில் வாழை மொத்தத்தையும் பறிகொடுத்த தோட்டக்காரரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? கடன் கொடுத்தவன் ஆனையிடமா வசூலிப்பான்! (2021-ல் சூளைகள் மூடப்பட்டன. அப்பா இப்போது கிடைத்த கூலி வேலைக்குப் போகிறார்.)

ஆனைக் கூட்டம் பெண்கள் ராஜ்ஜியம். மூத்த பெண் ஆனைதான் தலைவி. எந்தக் கோடையில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. குட்டிக்குத் தாய் மட்டுமல்ல, பெரியம்மா சித்திகளும் காவல். அவை பேசிக்கொள்வதில் ஒரு பகுதி நம் காதில் விழாது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழான அந்த ஒலியை, 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் மிருகக்காட்சிசாலையில் கேட்டி பெய்ன் என்ற பெண்மணி கண்டறிந்தார். ஆண் குட்டிகள் 10, 15 வயதில் கூட்டத்தை விட்டு விலகிவிடும். பிறகு தனியாகவோ மற்ற ஆண்களோடோ திரியும்.

2019 ஜனவரி 25 அன்று சின்னத்தம்பியை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, லாரியில் ஏற்றி டாப்சிலிப் பக்கம் காட்டில் விட்டார்கள். "பெண்டாட்டி பிள்ளையைப் பிரிச்சுட்டாங்களே" என்று எங்க ஊர் அழுதது. வளர்ந்த ஆண் ஆனை அப்படிக் குடும்பம் நடத்துவதில்லை. ஆனால் பழகின காட்டை விட்டுப் பிரித்தது நிஜம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, காட்டை விட்டு இறங்கிப் பொள்ளாச்சிப் பக்கம் வந்து, அங்கிருந்து உடுமலை வட்டாரத்துக் கரும்புக் காட்டுக்கு நடந்துவிட்டது! விரட்டக் கொண்டுவந்த கும்கிகளோடு சண்டை போடாமல் சிநேகம் பிடித்துக்கொண்டது. ஐகோர்ட் உத்தரவுப்படி பிப்ரவரி 15-ல் மறுபடி பிடித்து, வரகளியாறில் கூண்டில் அடைத்துக் கும்கியாக்கினார்கள். இப்போது அது மற்ற ஆனைகளைப் பிடிக்கப் போகிறது.

இது ஓர் ஆனையின் கதை மட்டுமல்ல. 2023 பிப்ரவரியில் தர்மபுரிப் பக்கம் பிடித்து டாப்சிலிப்பில் விட்ட மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் ஆனை, பொள்ளாச்சி வழியாக நம் கோவை பேரூர் வரைக்கும் நடந்தே வந்தது. லாரி ஏற்றி இறக்கிவிட்டால் ஆனைக்கு ஊர் மாறிவிடாது. மனசுக்குள் இருக்கிற வழி அப்படியே இருக்கிறது. பயிரைக் காப்பதானாலும் அதை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஆனைகட்டி பஸ்ஸிலோ பைக்கிலோ போகிற நண்பர்களுக்கு ஒன்று. ஒற்றை ஆண் ஆனையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் நீர் வழிந்திருந்தால் அது மதம் பிடித்த காலம். அப்போது சாதுவும் சாது இல்லை. ஹாரன் அடிக்காமல், செல்போனை வெளியே எடுக்காமல், வண்டியைத் தள்ளி நிறுத்தி அது ரோட்டைக் கடக்க விடுங்கள்.