தாமோதர் அணைகளும் அவற்றின் இருவகைக் கடனும்

வெள்ளத்தைத் தடுக்கும் அணை வெறுமையாய் இருத்தல் வேண்டும். வயலுக்கு நீர் ஈயும் அணை நிறைந்திருத்தல் வேண்டும். ஒரே நீர்த்தேக்கத்தினிடத்து இவ்விரண்டையும் எதிர்பார்ப்போர்க்கு நேரும் இடர்ப்பாட்டினை இந்தியாவின் தாமோதர் நதியின் வரலாறு நன்கு புலப்படுத்தும்.

சோட்டா நாகபுரி மேட்டுநிலத்திலே தோன்றி, மேற்கு வங்கத்தின் தாழ்நிலத்தை ஊடறுத்து, ஊக்ளி ஆற்றிலே கலப்பது தாமோதர். மேட்டுநிலம் சரிவு மிக்கதாதலின் அங்கே பெய்யும் மழை விரைந்து கீழிறங்கும். 'வங்கத்தின் துயரம்' என்று மக்கள் இதனை வழங்கியது மிகையன்று. 1943 யூலையில் இடப்புறக் கரைக்கட்டு உடைந்தது. ஊர்கள் அழிந்தன, இருப்புப்பாதையும் பெருந்தெருவும் அறுபட்டன, போர்க்காலத்திலே கல்கத்தாவுக்கும் வடவிந்தியாவுக்கும் இடையே போக்குவரத்து நின்றது. முன்னைய வெள்ளங்களிற் பயிர் அழிந்தபோது வாராத அக்கறை, படைகளின் பாதை அறுந்தபோது ஆட்சியாளர்க்கு வந்தமை கருதத்தக்கது.

அமெரிக்காவின் தெனசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையைச் சேர்ந்த பொறியியலாளர் வூர்டுவின் என்பார் திட்டம் வகுத்தார். செக்கனுக்கு 10 இலட்சம் கனவடி வெள்ளம் வரினும் அதனை 2½ இலட்சமாகத் தணித்து விடுவதே அவர் நோக்கம். 1948 இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. திலையா 1953, கோனார் 1955, மைத்தான் 1957, பஞ்சேத் 1959 என நான்கு அணைகளை அது கட்டி முடித்தது. அவர் கருதிய அணைகள் இவற்றினும் பல. மைத்தானுக்கும் பஞ்சேத்துக்கும் வேண்டிய நிலமேனும் முழுவதும் எடுக்கப்படவில்லை. ஆகவே வெள்ளத்துக்கென வகுத்த இடம் தொடக்கத்திலேயே சுருங்கிற்று.

மழைக்காலத்தில் தேக்கத்தின் மேற்பகுதியை வெறிதே விட்டுவைத்து, வெள்ளம் வரின் அதிலே தாங்கி, வான்கதவு வழியாக மெல்ல இறக்கி, அடுத்த வெள்ளத்துக்கு இடஞ்செய்தல் முறை. மழை ஓயுங்காலமாகிய புரட்டாதியிலோ, பின்வரும் பயிருக்கு நீரைச் சேமித்தாக வேண்டும். இன்னும் ஒரு பெருமழை உண்டோ இல்லையோ, யார் அறிவார்? நீரை விட்டபின் மழை பொய்ப்பின் உழவன் பழிப்பான். வைத்திருக்க மழை பெய்யின் கீழ்நிலத்தான் பழிப்பான்.

1978 செப்டெம்பர் இறுதியில் இதுவே நேர்ந்தது. செக்கனுக்கு 7 இலட்சம் கனவடிக்கு மேல் வந்த வெள்ளத்தை மைத்தானும் பஞ்சேத்தும் 2 இலட்சத்துக்கும் குறைவாகத் தணித்தன. எனினும் கீழ்ப்பள்ளத்தாக்கு நீரில் ஆழ்ந்தது. அணைகளுக்குக் கீழே பெய்த மழையை அவை தடுத்தல் இயலாது. ஆறோ மணல் தூர்ந்து ஒடுங்கியிருந்தது. ஆண்டுதோறும் படுகையை அரித்துச் சென்ற வெள்ளங்களை அணைகள் அடக்கியமையே அவ்வொடுக்கத்துக்கு ஒரு காரணமாயிற்று. 2024 இலும் திறந்துவிட்ட நீரைப் பற்றி மேற்கு வங்க அரசும் கூட்டுத்தாபனமும் வாதிட்டன.