க்யூவும் ஜேயும் கைக்கு வந்தால்

விடுமுறை நாட்களில் நம் அன்பர்கள் இல்லங்களில் சிறுவர் ஸ்க்ராபிள் பலகையைச் சூழ்ந்து அமர்ந்திருக்கக் காண்கிறோம். அமெரிக்கக் கட்டிடக் கலைஞரான ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் இவ்வாட்டத்தை வகுத்தபோது, செய்தித்தாளில் எவ்வெழுத்து எத்தனை முறை வருகிறதென எண்ணிப் பார்த்தார். ஆதலின் 100 வில்லைகளுள் ‘ஈ’ 12. ‘க்யூ’வும் ‘ஜே’யும் ஒவ்வொன்றே. அரியவை என்பதால் க்யூவுக்கு 10 புள்ளி, ஜேக்கு 8.

இவ்விரண்டும் கைக்கு வந்தால் குழந்தைகளின் முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டியதில்லை. க்யூவின் பின் யூ வரவேண்டும் என்பது பள்ளிப் பாடம். அயன்மொழிகளினின்று ஆங்கிலம் ஏற்ற சொற்கள் அவ்விதிக்கு அடங்குவதில்லை. உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல்லுக்குக் க்யூ, ஐ என்னும் இரண்டெழுத்தே போதும். அரபியினின்று வந்த ‘ஃபகீர்’ என்பதையும் க்யூவிட்டு எழுதலாம். ஜேயில் முடியும் ஆங்கிலச் சொற்கள் மிகச் சில. அவற்றுள் ‘ராஜ்’, ‘ஸ்வராஜ்’ இரண்டும் பாரதம் தந்தவை.

நம் தமிழும் வெறுங்கையோடு நிற்கவில்லை. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆயிற்று. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. பின்னது ஆங்கிலத்தில் ஏழெழுத்து. கையிலுள்ள ஏழு வில்லைகளையும் ஒருசேர இறக்கினால் 50 புள்ளி மிகுதியாகக் கிடைக்கும்!

எந்த அகராதியை ஏற்பது என்பதை ஆட்டத்திற்கு முன்பே முடிவு செய்துகொண்டால் பூசலில்லை. அரிய எழுத்துக்கள் முதலிலும் இடையிலும் கடையிலும் வரும் சொற்களைப் பிள்ளைகள் தனித்தனியே ஓர் ஏட்டில் எழுதிவரட்டும். தொலைவூரில் தாய்மொழி பேசக் கூசும் பிள்ளைக்கு, ஆங்கிலமே நம்மிடம் கடன்பட்டிருக்கிறது என்பதை அவ்வேடு உணர்த்தும். பெற்றோர் உடனமர்ந்து ஆடுவார்களாக.