உதவித்தொகைக்கும் ஓர் எல்லைக்கோடு

கேரளத்தின் எல்லையோர ஊரான கள்ளிக்காட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரிக்குப் போக இரண்டு வழி. காட்டாக்கடைப் பக்கம் இறங்கினால் கேரளப் பல்கலைக்கழகக் கல்லூரிகள். வெள்ளறடை, பனச்சமூடு தாண்டினால் தமிழ்நாடு. மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரியில் தொடங்கி நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி வரைக்கும் வரிசையாக இருக்கின்றன. பாறசாலைக்காரர்களுக்கு இன்னும் பக்கம். களியக்காவிளையைக் கடந்தால் போதும். தமிழ் பேசும் வீடுகளில் கண் இயல்பாகவே குமரி மாவட்டத்துப் பக்கம் போகும். சித்தியும் மாமாவும் அங்கேதான் இருக்கிறார்கள்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. கள்ளிக்காடு அதில் இருந்த ஊர். இப்போது காட்டாக்கடை தாலுகா. கல்யாணம், கருமாதி, வாழைக்குலை வியாபாரம், தேவாலயத் திருவிழா எதையும் அந்தக் கோடு பிரிக்கவில்லை. ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கு அரசிடம் கை நீட்டும் நேரத்தில் அது குறுக்கே வந்து நிற்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் உதவித்தொகையை இழப்பது பெரும்பாலும் தகுதி இல்லாததால் அல்ல. எந்த அரசிடம், எப்போது, எந்தக் காகிதத்தோடு கேட்க வேண்டும் என்பது சேர்க்கை முடிந்த பிறகே தெரியவருவதால்தான்.

தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டத்தைப் பாருங்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் படிக்கும் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் பெறலாம். 2024 ஆகஸ்ட் 9 அன்று ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றில் அடக்கம். களியக்காவிளையில் இருக்கும் சித்தி மகளுக்கு மாதா மாதம் பணம் வருகிறது. அதே வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாறசாலைப் பெண்ணுக்கு வராது. அவள் தமிழிலேயே படித்திருந்தாலும் சரி, அவள் பள்ளி கேரள அரசின் பள்ளி. இந்தத் திட்டம் கல்லூரியைப் பார்ப்பதில்லை, பள்ளியைப் பார்க்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு தரும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அப்படித்தான்.

பொறியியல் கலந்தாய்வில் இன்னொரு முடிச்சு. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்த வேறு மாநிலப் பிள்ளை கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம். ஆனால் பொதுப் பிரிவில் மட்டும். அக்கரைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, காலையில் இருட்டோடு பிள்ளையை பஸ் ஏற்றிவிட்ட பெற்றோருக்கு இது பெரிய அடி.

சாதிப் பட்டியலும் ஆளுக்கொரு கணக்கு. தமிழ்நாட்டில் நாடார் என்றால் இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் பிற்படுத்தப்பட்டோர். கேரளத்தில் இந்து நாடார் ஒரு தட்டு, எஸ்.ஐ.யு.சி. (தென்னிந்திய ஐக்கிய சபை) நாடார் இன்னொரு தட்டு. மற்றக் கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த நாடார்கள் நெடுநாள் வெளியே நின்றார்கள். அவர்களைச் சேர்க்கும் ஆணை 2021இல்தான் வந்தது. அதற்கும் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிற்பட்டோர் பட்டியலை முடிவு செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் திரும்பத் தந்த 105ஆவது அரசியல் சாசனத் திருத்தத்துக்குப் பிறகு அரசு மறுபடியும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. தலித் கிறிஸ்தவர் நிலை இன்னும் சிக்கல். மத்திய அரசின் பட்டியலில் அவர்கள் ஆதிதிராவிடர் அல்ல. கேரளம் அவர்களை ஓ.இ.சி. (தகுதியுள்ள பிற சமூகங்கள்) என்ற பிரிவில் வைத்துக் கல்விச் சலுகை தருகிறது. தமிழ்நாடு பிற்பட்டோர் பட்டியலில் வைத்தாலும் உதவித்தொகையை ஆதிதிராவிடர்க்கு இணையாகத் தன் பணத்திலிருந்து தருகிறது. ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள், இரண்டு சான்றிதழ்கள்.

பட்டியல் சாதி, பழங்குடிச் சான்றிதழ் மாநிலத்தோடு கட்டப்பட்டது. அரசியல் சாசனத்தின் 341, 342ஆம் பிரிவுகள் அப்படித்தான் சொல்கின்றன. 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அகஸ்திய மலை அடிவாரத்துக் காணிக்காரர் இரண்டு மாநிலத்துப் பட்டியலிலும் உண்டு. ஆனாலும் கோட்டூர்க் காணிப் பிள்ளை தன் கேரளச் சான்றிதழைக் காட்டித் தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு கேட்க முடியாது.

இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையின் விதி வேறு. மாணவர் எந்த மாநிலத்தில் படித்தாலும், அவர் நிரந்தரமாகக் குடியிருக்கும் மாநிலம்தான் பணம் தர வேண்டும். ஆதிதிராவிட மாணவருக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்கின்றன. ஆகவே மார்த்தாண்டத்தில் சேர்ந்த கள்ளிக்காட்டு மாணவி விண்ணப்பிக்க வேண்டியது கேரளத்திடம். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. வெளிமாநிலப் படிப்புக்கு எவையெல்லாம் செல்லும் என்பதைச் சேர்வதற்கு முன்பே தன் பிளாக்கின் பட்டியல் சாதி வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். கேரளத்துக்குள்ளேயே படித்தால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இ-கிராண்ட்ஸ் இணையதளம் உண்டு. பிற்பட்ட, ஏழைக் குடும்பங்களுக்குக் குமாரபிள்ளை கமிஷன் அறிக்கையின் வழியே வந்த கே.பி.சி.ஆர். கட்டணச் சலுகையும் உண்டு.

எல்லைக்கோட்டைப் பார்க்காத உதவிகளும் இருக்கின்றன, இந்த ஊர்களில் அவற்றைக் கேட்பவர்கள்தான் குறைவு. மத்திய கல்வி அமைச்சகத்தின் உதவித்தொகைக்குப் பிளஸ் டூவில் அவரவர் வாரியத்தின் முதல் இருபது சதவீதத்துக்குள் மதிப்பெண் வேண்டும். குடும்ப வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலையில் 20,000. புதிதாக ஆண்டுதோறும் 82,000 பேருக்கு. அதில் பாதி பெண்களுக்கு. பாலிடெக்னிக், பொறியியல் சேரும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் (ஏ.ஐ.சி.டி.இ.) பிரகதி திட்டம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரைக்கும், எட்டு லட்சம் வருமானம் வரைக்கும்.

கிடைத்தால் மட்டும் போதாது, கட்டிக் காக்க வேண்டும். மத்திய கல்வி அமைச்சகத்தின் உதவித்தொகையை இரண்டாம் ஆண்டுக்குப் புதுப்பிக்க ஐம்பது சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் வேண்டும். முதல் ஆண்டில் பணம் வந்தவுடன் இனி தானாகவே வரும் என்று இருந்துவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம். வராது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்தல் விண்ணப்பம் போட வேண்டும். கல்லூரியில் அதற்கென இருக்கும் ஆசிரியர் அதைச் சரிபார்த்து மேலே அனுப்பினாரா என்று பிள்ளையே கேட்க வேண்டும். திருத்தக் கேட்டுத் திருப்பி அனுப்பிய விண்ணப்பம் இணையதளத்தில் சும்மா கிடக்கும், யாரும் வீட்டுக்கு வந்து சொல்லமாட்டார்கள்.

விண்ணப்பம் எங்கே சிக்குகிறது என்று பார்க்க, கேரள அரசின் இணையச் சேவை தரும் அக்ஷயா மையத்தில் ஒரு காலை நேரம் நின்றால் போதும். வருமானச் சான்றுக்கு ரேஷன் கார்டு, நிலவரி ரசீது எல்லாம் ஸ்கேன் ஆகிவிடும். தாய் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். நேரம் போகிறதே என்ற தவிப்பு முகத்தில் தெரியும். “மக்களே, ஓ.டி.பி. வந்துதா?” என்று கேட்பார் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண். வந்திருக்காது. ஆதாரோடு இணைத்த நம்பர் அண்ணனுடையது. அண்ணன் வளைகுடாவில். “அவனுக்கு இப்போ டியூட்டி நேரம், சேச்சி” என்பாள் பிள்ளை. அன்றைக்கு அவ்வளவுதான், பால் வெட்டும் போயிற்று.

வங்கிக் கணக்கு இன்னொரு பொறி. பணம் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குத்தான் வரும் என்று நினைக்கிறோம். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக ஆதாரோடு இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்குப் போகும். நடுவில் எங்காவது ஒரு கணக்கைத் திறந்து இணைத்திருந்தால் பணம் அங்கே போய்க் கிடக்கும். அந்தக் கணக்கு முடங்கியிருந்தால் திரும்பிப் போய்விடும். பிள்ளையின் ஆதாரில் பிள்ளையின் நம்பர், பிள்ளையின் பெயரில் உயிரோடு இருக்கும் ஒரு கணக்கு. இந்த இரண்டையும் பிளஸ் டூ படிக்கும்போதே முடித்துவைக்க வேண்டும்.

பெங்களூரு, மங்களூரு நர்சிங் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏஜென்ட் வீட்டுக்கே வந்து பேசுகிறார், கடன் தானே வாங்கிக் கொடுப்பதாகவும் சொல்கிறார். கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை ஜாமீன் சொத்து கேட்கக் கூடாது. ஆனால் பெற்றோரும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். படிப்புக் காலமும் அதன்பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். குடும்ப வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. அதற்குக் கல்லூரிக்கு உரிய அங்கீகாரம் வேண்டும். நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம். படிப்பைப் பாதியில் விட்டாலோ, ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டாலோ அந்தச் சலுகை போய்விடும். நோய் போன்ற காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு. இதையெல்லாம் ஏஜென்ட் சொல்வதில்லை. கட்ட முடியாத கல்விக் கடன்களுக்காகக் கேரள அரசு 2017இல் 900 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது என்பதே இந்தக் கடன்கள் எத்தனை வீடுகளை அமுக்கியிருந்தன என்பதற்குச் சாட்சி.

பிள்ளைகளிடம் இவ்வளவு பொறுப்பைக் கேட்கும் அரசுகள் தங்கள் பொறுப்பைச் சரியாகச் செய்கின்றனவா? இல்லை. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிறது. அதுவரை ஹாஸ்டல் பணம் கட்டு, பரீட்சைக் கட்டணம் கட்டு என்று கல்லூரி நெருக்குகிறது. 75 சதவீத வருகை கேட்கும் அரசு, பஸ்ஸுக்குக் காசில்லாமல் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வராத நாட்களையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? இதே வட்டாரத்தின் ஊருட்டம்பலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சமி என்ற புலையர் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு சமூகப் போராளி அய்யன்காளி அரசுப் பள்ளிக்குள் நுழைந்தார். அவள் உட்கார்ந்தாள் என்பதற்காக அந்தப் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தினார்கள். அவ்வளவு விலை கொடுத்துத் திறந்த வாசலை ஒரு தாமதமான பில் அடைத்துவிடுவதை ஏற்க முடியாது.

தமிழ்நாடு அரசிடம் ஒரு கோரிக்கை. அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு நீட்டிய அந்த ஆயிரம் ரூபாயை, கேரள அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்துவிட்டுத் தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேரும் எல்லைப் பிள்ளைகளுக்கும் நீட்டுங்கள். கேரள அரசிடம் ஒன்று: வெளிமாநிலத்தில் படிக்கும் பிள்ளையின் விண்ணப்பத்தைக் கடைசிக் கட்டாக வைக்காதீர்கள். கள்ளிக்காடு, வெள்ளறடை, பாறசாலை பஞ்சாயத்துகள் நாளைக்கே செய்யக்கூடியதும் உண்டு: பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே, ஏப்ரலில் ஒரு முகாம். ஆதார் நம்பர், வங்கிக் கணக்கு, வருமானச் சான்று மூன்றையும் அங்கேயே முடித்துக் கொடுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு பக்கத் தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

வீட்டில் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதும் பிள்ளை இருந்தால், எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: இந்தக் கல்லூரியில் படித்தால் என் பிள்ளைக்கு உதவித்தொகை தருவது எந்த மாநிலம்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள்.