விரைவுக் காரின் நோய்கள்

தாம்பரத்திற்கு வடமேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மோட்டார்ப் பந்தயக்களம் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்து வந்தன. அதன்பின், 1990ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது இப்புதிய களம். ஒரு சுற்றின் நீளம் 3.7 கிலோமீட்டர். இத்தகைய களத்தில் காற்றெனப் பாய்வதற்கென்றே அமைந்த விரைவுக் கார், பெருங்களத்தூரின் நெரிசலில் சிக்கி நின்றால் அரைமணியில் நோயுற்றுவிடுகிறது. விலை மிகுந்த பொருள் எளிதில் பழுதாகாது என்று எண்ணுவோர் பலர். விரைவுக் காரைப் பொறுத்தவரையில் உண்மை இதற்கு நேர்மாறானது.

நாள்தோறும் அலுவலகம் சென்றுவரும் எளிய காரைச் செய்வோர், அதன் ஒவ்வோர் உறுப்பையும் தேவைக்குச் சற்று மிகுதியான தாங்கும் ஆற்றலோடு செய்கின்றனர். கவனமின்றி ஓட்டினாலும் அது பொறுத்துக்கொள்ளும். விரைவுக் காரைச் செய்வோரோ எடையைக் குறைக்கின்றனர்; இடத்தைச் சுருக்குகின்றனர்; உயரத்தைத் தாழ்த்துகின்றனர். அதனால் வேகம் பிறக்கிறது. பொறுத்துக்கொள்ளும் தன்மை போய்விடுகிறது.

முதற்பகை வெப்பம். பெட்ரோல் எரிவதால் உண்டாகும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியது வெப்பமாகி, புகைக்குழல் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறுகிறது. 2005ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த புகாட்டி வேரான் என்னும் காரின் எஞ்சின் 1001 குதிரைத்திறன் உடையது; அதன் வெப்பத்தைத் தணிக்கப் பத்து ரேடியேட்டர்கள் வைக்கவேண்டியதாயிற்று! (அக்கார் தன் உச்ச வேகத்தில் இடைவிடாது ஓடினால் டயர்கள் கால்மணி நேரமே தாங்கும் என்பர். கவலையில்லை; பன்னிரண்டு நிமிடத்திலேயே 100 லிட்டர் பெட்ரோலும் தீர்ந்துவிடும்.) கார் ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. பொங்கல் விடுமுறைக்கு முந்திய இரவில், ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் எறும்புபோல் ஊரும்போது காற்று ஏது? மின்விசிறி மட்டுமே உழைக்கும். இருக்கைக்குப் பின்னால் எஞ்சின் பொருந்திய கார்களில் வெப்பம் தேங்கி நிற்கும். ரப்பர்க் குழாய்கள் விறைத்து வெடிக்கும், குளிர்நீர் கசியும். அதனைக் காணாது மேலும் ஓட்டினால், சிலிண்டர்களை மூடியிருக்கும் அலுமினியத் தலைப்பகுதி வளைந்துவிடும். சிறு குழாயை மாற்றுவதோடு முடியவேண்டிய செலவு அப்போது எஞ்சின் வேலையாகப் பெருகுகிறது.

அதே நெரிசல் கிளட்சையும் தின்கிறது. கிளட்ச் என்பது எஞ்சினையும் பல்சக்கரங்களையும் இணைத்தும் பிரித்தும் விடும் உறுப்பு. நழுவியவாறு இணையும் அந்தச் சில நொடிகளில்தான் அது தேய்கிறது. நின்றும் ஊர்ந்தும் செல்லும் சாலையில், நாள் முழுதும் அந்நொடிகளே.

பிரேக்கின் நோய் வேறு வகையினது. காலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பெருவழக்கான ஒருவகைத் திரவம் புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குமிழிகள் தோன்றும். குமிழி அழுத்தினால் சுருங்கும். ஆதலின் கால் தரைவரை சென்றாலும் வண்டி நிற்காது. கடற்காற்றின் ஈரம் படிந்த சென்னையில் இத்திரவத்தைக் காலந்தவறாது மாற்றுதல் உயிர்காக்கும் செயல், செலவோ சொற்பம். கார்பன் பீங்கானாலான பிரேக் தட்டுகள் எடையில் குறைந்தவை, வெப்பத்தைத் தாங்குபவை. ஆனால் நான்கையும் மாற்றவேண்டின், புதிய சிறு கார் ஒன்றின் விலையைக் காட்டிலும் மிகுதியாகும்.

பழுது பார்க்கும் செலவு எப்போதும் பொருளின் விலையைப் பொறுத்ததன்று. 1994 முதல் 1999 வரை இத்தாலியில் செய்யப்பெற்ற பெராரி 355 என்னும் கார் இதற்குச் சான்று. அதன் எஞ்சினில் உள்ள ரப்பர்ப் பட்டையைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றவேண்டும். பட்டை எளிய பொருளே. அதனை அணுக இடமில்லை. எஞ்சினையே வண்டியினின்று கழற்றி இறக்கினால்தான் கை எட்டும். ஆகவே உரிமையாளர் செலுத்துவது பட்டைக்கு விலையன்று. பல நாள் உழைப்புக்குக் கூலி. மாற்றாது விட்டுப் பட்டை அறுந்தாலோ, பிஸ்டன்கள் வால்வுகளை மோதிச் சிதைத்துவிடும்.

வேகத்தடைகளும் இக்கார்களுக்கு இடர்தான். விதிப்படி அமைந்த தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடையது. அவ்வகலத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் மேட்டின் மீதே நிற்பதால், தரையினின்று 12 சென்டிமீட்டரே உயர்ந்த காரும் தப்பிவிடும். உட்தெருக்களில் குறுகலாகவும் செங்குத்தாகவும் எழுப்பிய மேடுகளே அதன் அடிவயிற்றை உரசுகின்றன.

எல்லாவற்றினும் கொடிது வெள்ளம். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு, முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகள் நீரில் மூழ்கின; கார்களும் மூழ்கின. எஞ்சின் காற்றை உள்ளிழுத்து, அதனைச் சிலிண்டரில் அழுத்திச் சுருக்குகிறது. காற்றுக்குப் பதிலாக நீர் புகுந்தால் அது சுருங்காது. மேலெழும் பிஸ்டன் நீரில் மோதி நிற்க, அதனைத் தாங்கும் இரும்புத்தண்டு வளைகிறது. தாழ்ந்த காரில் காற்றுவாயும் பெரும்பாலும் தாழ்ந்தே இருப்பதால், முழங்காலளவு நீரே போதும். இதனை அறிந்தோர், 2024 அக்டோபரில் பெருமழை வருமென்ற செய்தி கேட்டவுடன், வேளச்சேரி மேம்பாலத்தின் மீது தம் கார்களை வரிசையாக நிறுத்தினர்.

வெள்ளம் வடிந்தபின், வண்டி ஓடுகிறதா என்று பார்க்கும் ஆவலில் எஞ்சினை இயக்குவோர் உளர். தண்டு வளைவது பெரும்பாலும் அப்போதுதான். அச்சேதத்தைச் சாதாரணக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. எஞ்சினுக்கெனத் தனிக் காப்பீடு பெற்றிருத்தல் வேண்டும். தேர்ந்த மெக்கானிக் சாவியைத் தொடவே மாட்டார். காரைத் தூக்கி வண்டியிலேற்றிப் பணிமனைக்குக் கொண்டுசென்று, மின்கலத்தின் இணைப்பை நீக்கி, சிலிண்டர்களின் மேலுள்ள ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றுவார். உள்ளே நீர் இருந்தால், பிளக்குகள் இருந்த துளைகளின் வழியே அது பீறிட்டு வெளியேறும்.