பழைய ஜாகுவாருக்குப் புதிய பிரேக் பேட்

ஜாகுவார் நிறுவனம் 1961 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய இ-டைப் கார், அதன் நீண்ட முகப்புக்காகவும் மணிக்கு 240 கிலோமீட்டர் என்று விளம்பரப்படுத்தப்பட்ட வேகத்துக்காகவுமே பெரிதும் பேசப்படுகிறது. எனினும், பெரும்பாலான கார்களில் டிரம் பிரேக்குகளே இருந்த காலத்தில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக்குடன் அது விற்பனைக்கு வந்தது என்பது, பொறியியல் நோக்கில் அவற்றுக்குச் சற்றும் குறையாத சிறப்பாகும். அதே நிறுவனத்தின் சி-டைப் பந்தயக் கார் 1953-இல் டன்லப் டிஸ்க் பிரேக்குகளுடன் ஓடி லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றபோதே, சூடேறிய பின்னும் பிடிப்பு குறையாத பிரேக் எவ்வளவு பெரிய சாதகம் என்பது உலகுக்குத் தெரிந்துவிட்டது. இன்று இ-டைப் வைத்திருப்போர் எதிர்கொள்ளும் சிக்கல் வேறு: டிஸ்க்கின் இருபுறமும் அழுந்தி அதன் சுழற்சியைத் தடுக்கும் பேட் தேய்ந்துபோனால், அறுபது ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட அதே பொருளாலான பேட் இப்போது கிடைக்காது, கிடைத்தாலும் அதைப் போடக் கூடாது.

அதற்குக் காரணம் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். வெப்பத்தைத் தாங்கும், மலிவானது, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது என்பதால் அக்கால பேட்களில் இந்தக் கனிம இழை தாராளமாகக் கலக்கப்பட்டது. ஆனால் அதன் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான பின்னர், பிரிட்டன் 1999-இல் அதன் பயன்பாட்டைத் தடை செய்தது. ஆகவே, பழைய இருப்பு என்று பெருமையோடு விற்கப்படும் பிரிக்காத பெட்டிகளை வாங்காமலிருப்பதே அறிவுடைமை. பழைய பேட்களைக் கழற்றும்போதும் பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரில் படிந்த தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

கல்நாருக்கு மாற்றாக வந்த கலவைகள் பல. கண்ணாடி இழையும் செயற்கை இழையும் பிசினால் பிணைக்கப்பட்டவை ஒரு வகை. இரும்புத் துகளும் எஃகு இழையும் மிகுந்தவை இன்னொரு வகை. இவற்றுக்கு இடைப்பட்டவையும் பீங்கான் இழை கலந்தவையும் வேறு. இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. அந்தக் கார் எந்த வெப்பநிலையில் பிரேக் பிடிக்கும் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். பிரேக் என்பது இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவி. 1,300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 125 கிலோஜூல் வெப்பம் உண்டாகிறது, 100 கிலோமீட்டரில் அது 500, 200-இல் 2,000. ஓடுதளத்தில் சுற்றுக்குச் சுற்று இந்த வெப்பம் சேர்ந்துகொண்டே போவதால், பந்தயத்துக்கான பேட்கள் மிகுந்த சூட்டிலும் பிடிப்பை இழக்காதவாறு செய்யப்படுகின்றன. ஆனால் அவற்றுள் பல குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிப்பதில்லை, கிறீச்சிடும், டிஸ்க்கையும் விரைவில் தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கப்படும் காருக்கு முதல் தெருமுனையிலேயே பிரேக் வேண்டும். அதனால் பந்தய பேட் என்ற பெயரில் மயங்கி வாங்குவது பாதுகாப்பைக் குறைக்குமே தவிரக் கூட்டாது.

பேட்டின் விளிம்பில் அச்சிடப்படும் இரண்டு எழுத்துகள் இங்கே ஓரளவு உதவும். இவை அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் குறியீட்டு முறையைச் சேர்ந்தவை. அழுத்தும் விசைக்கு எவ்வளவு உராய்வு கிடைக்கிறது என்பதைக் காட்டும் விகிதம் உராய்வுக் குணகம் எனப்படும், அது 0.25 முதல் 0.35 வரை இருந்தால் ஈ, 0.35 முதல் 0.45 வரை எஃப், 0.45 முதல் 0.55 வரை ஜி என்று வகைப்படுத்துகிறார்கள். முதல் எழுத்து இயல்பான வெப்பநிலைக்கும் இரண்டாவது மிகுந்த வெப்பத்துக்கும் உரியது. ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் சூடேறினாலும் பிடிப்பு பெரிதாக மாறாது என்று கொள்ளலாம். ஆயினும் இந்தச் சோதனை ஓர் அங்குலச் சதுரத் துண்டைக் கொண்டு ஆய்வகத்தில் செய்யப்படுவது என்பதால், ஒரே எழுத்துள்ள இரு பேட்கள் காரில் ஒன்றுபோல நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க இயலாது. மூல பேட்டின் செயல்திறனிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகாமலிருக்க வேண்டும் என்று வரையறுக்கும் ஐ.நா. ஒழுங்குவிதி எண் 90-இன் முத்திரை இருந்தால் அது இதைவிட நம்பகமான சான்று.

இ-டைப்பைப் பொறுத்தவரை, முன்னும் பின்னும் பிடிப்பின் விகிதம் கெடாமல் பார்த்துக்கொள்வதே எல்லாவற்றிலும் முக்கியமானது. பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்பக்கம் சாய்வதால், பின்சக்கரங்கள் எளிதில் சுழற்சி நின்று வழுக்கத் தொடங்கும். அப்படி அவை முன்சக்கரங்களுக்கு முந்திப் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும். இன்றைய கார்களில் மின்னணுச் சாதனம் அதைத் தடுக்கிறது. இந்தக் காரில் அப்படி எதுவும் இல்லை. எனவே முன்னுக்கு ஒரு கலவையும் பின்னுக்கு அதைவிட முரட்டுக் கலவையும் போடுவது ஆபத்தானது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே கலவையைப் போடுவதே முறை.

பின் பிரேக்குகளின் இருப்பிடமும் தேர்வைக் கட்டுப்படுத்துகிறது. சக்கரத்தின் எடையைக் குறைக்கும் பொருட்டு, பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லாமல் காரின் நடுவே, இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிரும் டிஃபரென்ஷியலை ஒட்டிப் பொருத்தப்பட்டன. அங்கே காற்றோட்டம் குறைவு; டிஃபரென்ஷியலின் சீல் கசிந்தால் எண்ணெய் பேட்டில் ஊறி அது பயனற்றுப் போகும். பின் டிஸ்க்கை மாற்ற வேண்டுமென்றால் பொதுவாகப் பின்பகுதித் தொகுப்பு முழுவதையும் கீழே இறக்க நேரிடுகிறது. டிஸ்க்கை அரிக்கும் உலோகக் கலவை இந்தக் காருக்கு ஏன் பெருஞ்செலவு வைக்கும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

வடிவப் பொருத்தம் எளிய செய்திதான், ஆனால் தவறு அடிக்கடி நிகழ்வதும் அங்கேதான். தொடக்க கால இ-டைப்பில் டன்லப் காலிப்பர்களும் 1968-இல் வந்த இரண்டாம் வரிசையில் கர்லிங் காலிப்பர்களும் இருப்பதால் ஒன்றின் பேட் மற்றொன்றுக்குப் பொருந்தாது. கைப்பிரேக்குக்குத் தனிச் சிறு பேட்கள் உண்டு. மெக்கானிக்குகளும் அவற்றை மறந்துவிடுகிறார்கள்.

பேட் மாற்றும்போதே பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுவது நல்லது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சிய பின் அது 155 வரை இறங்கலாம். அதிகம் ஓடாத காரிலும் ஈரம் சேர்வது நிற்பதில்லை. புதிய பேட் பொருத்தியவுடன், அதன் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும் வகையில், நடுத்தர வேகத்திலிருந்து சில முறை மிதமாகப் பிரேக் பிடித்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்ட வேண்டும். எத்தனை முறை, எந்த வேகத்தில் என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் காணலாம். இது முடியும்வரை காரை நெரிசலான சாலைக்குக் கொண்டுபோகாமலிருப்பது நல்லது.