குளவி கொட்டினால் ஒருவருக்கு மட்டும் ஏன் மயக்கம்?

ஹந்தானை, கலஹா பக்கத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும்போது குளவி கலைவது புதிதல்ல. இரண்டு பேரைக் கொட்டினால் ஒருவருக்கு வீக்கத்தோடு போய்விடும். மற்றவர் மூச்சுத் திணறி விழுவார். "போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்போம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

குளவி விஷத்தைக் கண்டு எல்லோருடைய இரத்தத்திலும் காவல் அணுக்கள் விழிக்கின்றன. அலர்ஜி இல்லாதவரிடம் அடக்கும் அணுக்கள் அவற்றைக் கட்டுக்குள் வைக்கின்றன. அலர்ஜி உள்ளவரிடம் அந்தக் கட்டு தளர்ந்துவிடுகிறது. முன்பு கொட்டியபோதே 'ஐ.ஜி.ஈ.' என்ற எதிர்ப்பொருள் உண்டாகி, மாஸ்ட் அணுக்களில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை கொட்டியதும் அவ்வணுக்கள் ஹிஸ்டமினை ஒரேயடியாக வெளியே விடும். தடிப்பு, மூச்சிறைப்பு, மயக்கம் எல்லாம் சில நிமிடங்களில் வந்துவிடும்.

ஆகவே சுண்ணாம்பு பூசிக்கொண்டு லயத்தில் கிடக்க வேண்டாம். மூச்சு முட்டினால், உடம்பெல்லாம் தடித்தால், தலை சுற்றினால், கண்டியா பேராதனையா என்று யோசிக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோவோம். அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். பல குளவிகள் கொட்டினால் அலர்ஜி இல்லாதவருக்கும் விஷமே ஆபத்து. முன்பு மயங்கியவர்கள் அதை டாக்டரிடமும் கங்காணியிடமும் சொல்லி வையுங்கள்.