கையில் அணியும் அரத்தாள்

மண்வெட்டியின் இரும்பைக் கடையில் வாங்குகிறோம். பிடியை நாமே போட்டுக்கொள்கிறோம். எமது கமக்காரருக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. 2009ஆம் ஆண்டின் பின்னர் மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு மண்வெட்டி, கோடரி, கத்தி என்பன உதவியாகக் கிடைத்தன. நாம் போய்ப் பார்த்த வீடுகளில் அன்று வந்த இரும்பு தேய்ந்தும் தேயாமலும் இன்னமும் இருக்கின்றது. பிடிகள் மட்டும் இரண்டு மூன்று முறை மாறிவிட்டன. அவசரத்திற்கு வெட்டிப் போட்ட பிடிகள் அவை. கணுவும் சிராம்புமாக உள்ளங்கையைக் கிழிக்கின்றன. கைக் காயத்தோடு வயல் மண்ணிலும் சாணத்திலும் வேலை செய்பவருக்கு ஏற்பு நோய் வரும் அபாயம் உண்டு என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனாலும் ஏற்பூசி போட்டு எத்தனை வருடம் என்று கேட்டால், பலர் வானத்தைத்தான் பார்க்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன்னர் அவ்வாறான ஒரு கிராமத்தில் பிடி சீவித் தேய்க்கும் வேலையில் இரண்டு நாள் நின்றோம். அங்கே ஓர் ஐயா, போரில் வலக்கையின் மூன்று விரல்களை இழந்தவர், மாமர நிழலில் இருந்து அரத்தாளை மடித்துப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். நான்கு இழுவைக்கு ஒருமுறை தாள் நழுவி விழுந்தது. நாம் உதவிக்குப் போக, அவர் கையை விலக்கிக்கொண்டார்.

“நீங்கள் தேய்ச்சுத் தரவேண்டாம் தம்பியவை. உந்தத் தாளைப் பிடிக்கத்தான் எனக்கு விரல் காணாது. கையிலை கட்டிவிட்டால் நான் தேய்ப்பன்” என்றார்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த ஒரு வசனந்தான்.

முதலில் தாளைப் பற்றி

தச்சர் அரத்தாள் என்பதைக் கடையில் சாண்ட் பேப்பர் என்று கேட்டால் தருவார்கள். கடினமான மணிகளைக் கடதாசியிலோ துணியிலோ பசையால் ஒட்டியதே இது. பெயரில் மணல் இருந்தாலும் இன்று வருவதில் மணல் இல்லை. கபில நிறத் தாள்களில் பெரும்பாலும் அலுமினியம் ஒட்சைட்டும், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாளில் சிலிக்கன் காபைட்டும் இருக்கும். சிலிக்கன் காபைட்டை அமெரிக்கரான எட்வேட் அச்செசன் 1891இல் கண்டுபிடித்தார். செயற்கை வைரம் செய்யப்போய்க் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தாற் சூடாக்கிய இடத்தில் அது அகப்பட்டது. கத்தி தீட்டும் காபொரண்டம் கல்லும் அதே பொருள்தான்.

அதற்கு நெடுங்காலம் முன்பே மனிதர் தேய்த்துத்தான் வந்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் சீனர் சிப்பியை நொருக்கித் தோற்றாளில் ஒட்டினர். கடலோர மக்கள் சுறாத்தோலைப் பயன்படுத்தினர். எமது வரண்ட வலயக் காடுகளில் நிற்கும் பராய் மரத்தின் இலையும் அரம்போலச் சொரசொரப்பானது. மரத்தையும் யானைத் தந்தத்தையும் மினுக்க அந்த இலையே உதவியது. கையில் தாள் இல்லாத வேளையில் கடைசி மினுக்கலுக்கு அதனை இன்றும் பாவிக்கலாம்.

தாளின் பின்புறத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். எண் சிறிதானால் மணி பெரிது. எண் பெரிதானால் மணி நுண்ணியது. 60 கரடு, 100 அல்லது 120 நடுத்தரம், 220 மென்மை. எம்மவர் செய்யும் பிழை, 60இற் தொடங்கி நேரே 220இற்குப் பாய்வதுதான். 60 போட்ட கீறலை 220 அழிக்காது. நாள் முழுக்கத் தேய்த்தாலும் வெயிலிற் பிடித்துப் பார்த்தால் கோடு தெரியும்.

நாம் பழுதாக்கிய கையுறை

முதலில் நாம் செய்தது உதவவில்லை. பழைய ஜீன்ஸ் காற்சட்டைத் துணியிற் கைப்பை போலத் தைத்து, உள்ளங்கைப் பக்கத்திற் சாதாரண கடதாசி அரத்தாளை ஒட்டினோம். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. பத்து நிமிடத்தில் விரல் மடியும் இடமெல்லாம் தாள் வெடித்தது. மணிகள் உதிர்ந்து பைக்குள் விழுந்து எமது கையையே உராய்ந்தன. தைத்த அக்கா ஊசி மழுங்கிப்போனதற்கும் எம்மையே ஏசினார்.

இதிலிருந்து அறிந்தவை இரண்டு. மடியும் இடத்திற்குத் துணியில் ஒட்டிய அரத்தாளே தேவை. இரும்புக் கடைகளில் எமரித் துணி என்று இருக்கும். அடுத்தது, அதனை முழுக்கை அளவில் ஒரே துண்டாக ஒட்டக்கூடாது.

இரண்டாம் முறை மோட்டார் சைக்கிளின் பழைய ரியூப்பை எடுத்தோம். குறுக்கே மூன்றங்குல அகலத்தில் வெட்டினால் ஒரு றப்பர் வளையம் கிடைக்கும். பெருவிரலை வெளியே விட்டு, நான்கு விரல்களின் அடியிற் கையைச் சுற்றி அதனை மாட்டலாம். உள்ளங்கையிற் படும் வெளிப்பக்கத்தில் எமரித் துணியை ஒட்டவேண்டும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. றப்பர் இழுபடும், துணி இழுபடாது. சும்மா கிடக்கும் வளையத்தில் ஒட்டினால், கையில் மாட்டும்போது துணி கழன்றுவிடும். ஆகவே உள்ளங்கை அகலமான பலகைத் துண்டொன்றை வளையத்துள் நுழைத்து, றப்பரை இழுபட்ட நிலையில் வைத்துக்கொண்டு ஒட்டினோம். ஒட்டும் இடத்தை முதலில் அரத்தாளாற் சுரண்டி, ரியூப் ஒட்டும் சொலுஷனை இரு பக்கமும் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பின்னர் அழுத்தினோம். கையின் மேற்பக்கம் வெறும் றப்பராகவே இருக்கட்டும். இழுபட்டுக் கொடுப்பது அதுதான்.

சைக்கிள் ரியூப்பை இதேபோல வெட்டினால் இரண்டு விரல்களுக்குச் சேர்த்து மாட்டும் சிறிய வளையம் வரும். அகப்பையின் குழிவுக்கும், கதிரைக் காலின் இடுக்குக்கும் அது நல்லது.

விரலோடு கூடிய பருத்தி வேலைக் கையுறை வைத்திருப்பவர்கள், எமரித் துணியைச் சிறு சதுரங்களாக வெட்டி ஒவ்வொரு விரற் கணுவுக்கும் இடையில் ஒட்டலாம். மூட்டுக்கு நேரே எதுவும் ஒட்டவேண்டாம். ஒரு கையுறையில் ஒரே எண் தாள்தான் இருக்கவேண்டும். நாம் 60, 100, 180 என மூன்று வளையங்கள் செய்தோம். எண்ணை றப்பரின் மேல் வெள்ளைப் பெயின்றால் எழுதிவிட்டோம், இல்லாவிடில் குழம்பிவிடும்.

ஐயாவின் கைக்கு அவரே அளவு பார்த்தார். மூன்றங்குலம் காணாமல் நான்கங்குலமாக வெட்டி, நழுவாதபடி மணிக்கட்டுக்கு ஒரு நாடாவும் கட்டினோம். விரல் இல்லாத இடத்திற் றப்பர் உராயாமலிருக்கப் பழைய பனியன் துணியை உள்ளே வைத்தோம். இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பிடியை முடித்துவிட்டு, “இனி மற்றதைத் தாருங்கோ” என்று கேட்டார்.

எங்கே உதவும், எங்கே உதவாது

உருண்டையானதிலும் வளைந்ததிலும் இக்கருவி சிறந்தது. பிடியைச் சுற்றிக் கை தானாகக் குவிகின்றது. தாளும் அதனோடு குவிகின்றது. மட்டமான பலகைக்கும் கதவுக்கும் இது வேண்டாம். விரல்கள் அழுத்தும் இடத்திற் பள்ளமும் இடையில் மேடுமாக வரும். மையும் வார்ணிஷும் பூசிய பின்னர்தான் அந்த அவலம் தெரியும். பலகைக்கு ஒரு மரக்கட்டையிற் தாளைச் சுற்றித் தேய்ப்பதே சரி.

பிடிக்கு எடுக்கும் மரம் நேர் நாராகவும் நன்றாகக் காய்ந்ததாகவும் இருக்கவேண்டும். பச்சை மரத்தைத் தேய்த்தால் தாள் அடைபடும். அலரித் தடியும் தில்லைத் தடியும் கிட்டவும் வேண்டாம். அலரி முழுதும் நஞ்சு. தில்லைப் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டால் பார்வை போகக்கூடும். கத்தியாற் சீவி, உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பாற் சுரண்டிய பின்னரே கையுறையைப் போடவேண்டும். எப்போதும் நாரின் போக்கிலேயே தேய்க்கவேண்டும். 100இற் தேய்த்து முடிந்ததும் ஈரத் துணியால் ஒருமுறை துடையுங்கள். காய்ந்ததும் மயிர் எழும்பினாற்போல நார் நிமிர்ந்து நிற்கும். அதைத் 180 எண்ணால் எடுத்துவிட்டால் மழையில் நனைந்தாலும் பிடி பிறகு அவ்வளவு சொரசொரக்காது.

அதற்குமேல் மண்வெட்டிப் பிடியை மினுக்கவேண்டாம் என்பது எமது அபிப்பிராயம். கண்ணாடிபோலிருந்தால் வியர்வையில் வழுக்கும். வார்ணிஷ் பூசிய பிடி கொப்புளம் போடும் என்பதைக் கடையில் வாங்கியவர்கள் அறிவார்கள். கொஞ்சம் எண்ணெய் பூசினாற் போதும். லின்சீட் எண்ணெய் மரத்திற் காய்ந்து இறுகும் ஆகையால் அது நல்லது. ஆனால் அந்த எண்ணெயிற் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காயும்போது அது சூடேறி, நெருப்பு வைக்காமலே தானாகத் தீப்பற்றும். கிடுகு வீட்டில் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். துணியை வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

சிரட்டை வேலை

அதே கிராமத்தில் நான்கு பெண்கள் சிரட்டையில் அகப்பை, கிண்ணம் செய்து விற்கிறார்கள். றப்பர் வளையத்தால் மிகக்கூடிய பயன் பெற்றவர்கள் அவர்களே. சிரட்டையின் முதுகு உள்ளங்கைக் குழிவுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல அமைகின்றது. தும்பைக் கத்தியாற் சுரண்டி, 60, 100, 180 எனத் தேய்த்து, பின்னர் 220, 400 எண்ணுள்ள கறுப்புத் தாளை நனைத்துத் தேய்த்து, காய்ந்ததும் தேங்காய் எண்ணெயைத் துணியில் எடுத்து அழுத்தித் துடைத்தால், கருங்காலி மரம்போல மினுங்கும். உணவு பரிமாறும் பொருளுக்கு வார்ணிஷ் தேவையில்லை.

“முந்தி ராவிலை விரல் நுனி எரிஞ்சு நித்திரை வராது. சோறு குழைக்கேக்கை உப்புப் பட்டால் உயிர் போகும்” என்றார் அவர்களுள் ஓர் அக்கா. விரல் நுனியால் தாளை அழுத்துவதை விட்டு உள்ளங்கையால் அழுத்துவதே வித்தியாசம்.

அவர்களிடம் நாம் வற்புறுத்தியது தூசு பற்றி. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995இல் மரத்தூசைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களுட் சேர்த்தது. சிரட்டைத் தூசும் மூச்சுக்குழாய்க்கு நல்லதல்ல. வெளியிற் காற்றோட்டமான இடத்தில், காற்றுக்கு முதுகு காட்டி இருந்து தேய்க்கவேண்டும். முகக்கவசம் கட்டவேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தேய்ப்பதை அன்றோடு நிறுத்தச் சொன்னோம். கூடியமட்டும் ஈரமாகத் தேய்ப்பதே சிறந்தது.

தேய்க்கக்கூடாதவை

பாழடைந்து கிடந்த வீட்டுக்குத் திரும்பியவர்கள் பழைய அஸ்பெஸ்ரஸ் கூரைச் சீற்றுகளிற் பிடித்த பாசியைச் சுரண்டித் துப்புரவாக்குவதைக் கண்டிருக்கிறோம். அரத்தாளோ கம்பித் தூரிகையோ அதன்மேற் படவே கூடாது. அதிலிருந்து எழும் நார் கண்ணுக்குத் தெரியாது. சுவாசப்பையுட் போனால் வெளியே வராது. இருபது, முப்பது வருடம் கழித்தும் புற்றுநோயாக வரலாம். உடைந்த சீற்றை நனைத்து, முழுதாகக் கழற்றி இறக்கவேண்டும். வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம். பழைய யன்னல், கதவுகளில் உள்ள மையையும் உலரத் தேய்க்காதீர்கள். முற்காலத்து மைகளில் ஈயம் உண்டு. அது முதலிற் பாதிப்பது சிறுபிள்ளைகளின் மூளையை.

கையுறை பற்றியும் சிலவற்றைச் சொல்லவேண்டும். கடைசல் யந்திரம், துளைக்கும் யந்திரம் போலச் சுழலும் எதற்கும் அருகில் எந்தக் கையுறையும் போடவேண்டாம். அது பிடித்தால் கையையும் இழுத்துக்கொண்டு போகும். றப்பர் இறுக்கினால் விரல் விறைக்கும். கால் மணித்தியாலத்திற்கு ஒருமுறை கழற்றிக் கையை உதறுங்கள். நீரிழிவினால் கை மரத்துப்போனவர்கள் அடிக்கடி உள்ளங்கையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். உராய்ந்து புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது.

நாம் புறப்படும்போது ஐயா ஏழு பிடிகளை மாமரத்திற் சாத்தி வைத்திருந்தார். அயலவர் இரண்டைக் காசுக்குக் கேட்டிருந்தார்கள். 60 எண் வளையம் மழுங்கிப்போயிற்று. எமரித் துணியை மட்டும் உரித்துவிட்டு அதே றப்பரில் வேறு துண்டு ஒட்டலாமோ என்று கேட்டார். பழைய சொலுஷனைச் சுரண்டிவிட்டு ஒட்டலாம் என்றோம். மிச்சமிருந்த எமரித் துணியையும் பலகைத் துண்டையும் அவரிடமே விட்டுவிட்டு வந்தோம்.